மாமியார் என்றொரு மென்பொருள்

மார்ச் 4, செவ்வாய்

என் மென்பொருளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மாமியார்! எல்.இ.டி. விளக்குக்கு சர்க்யூட் வரைந்து தரும் முன் அது மூன்று கேள்வி கேட்கும்: விளக்கை எங்கே மாட்டப்போகிறீர்கள், அங்கே எவ்வளவு சூடு, காற்று போகுமா. பதில் வராமல் ஒரு கோடுகூட வரையாது. "பொண்ணு பாக்க வந்த மாமியார்கூட இவ்வளவு கேட்டதில்லைங்க" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். மொத்த அலுவலகமும் சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு வருட உழைப்பு.

மார்ச் 6

மேலாளர் கூப்பிட்டார். "கேள்விய எல்லாம் எடுத்துடும்மா. வெளிய விக்கிற சாஃப்ட்வேர் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வரைஞ்சு தருது." சூடுதான் எல்.இ.டி.க்கு எமன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! கடைசியில் ஒரு போட்டி வைத்தார். புதிதாக வந்த ஒரு பேக்கரி ஆர்டருக்கு வெளி மென்பொருளில் ஒரு விளக்கு, என்னுடையதில் ஒரு விளக்கு செய்து மாட்டுவது. தோற்றால் என்னுடையது குப்பைக்கு.

மார்ச் 7

எடுக்க மாட்டேன். ஒரு கேள்வியைக்கூட.

மார்ச் 14

சர்க்யூட் தயார். அந்த சந்தோஷத்தில், சாப்பிடும்போது பட்டப்பெயரையும் பேக்கரிப் போட்டியையும் நிஜ மாமியாரிடமே உளறிவிட்டேன்.

"நான் என்ன அவ்வளவு கேள்வியா கேக்கறேன்?" என்றார் அத்தை. அதுவே ஒரு கேள்விதான் என்று சொல்லி என் வீட்டுக்காரர் முறைப்பு வாங்கிக்கொண்டார். அத்தை விடவில்லை. "அந்த பேக்கரில எங்க மாட்டப்போறீங்க? அடுப்புக்கு மேலயா? நீ போய்ப் பாத்தியா?"

போகவில்லை. சூடு கேட்கும் கட்டத்தில் 25 டிகிரி, சாதாரண அறைச் சூடு, என்று தட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோர் விரலும் தானாகப் போகிற எண் அது. கேள்வியை எழுதினவளே பொய்ப் பதில் கொடுத்திருக்கேன் — என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

மார்ச் 15

பேக்கரிக்குப் போனேன். விளக்கு வருவது அடுப்பு வாய்க்கு நேர் மேலே. வெப்பமானி அறுபதைத் தாண்டியது.

உண்மையான எண்ணைப் போட்டதும் திரை சிவந்தது. மென்பொருள் மின்னோட்டத்தைக் குறைத்தது, எல்.இ.டி.க்களைக் கூட்டியது, மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னது. பெற்றவளையே அதட்டுகிறது! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

மார்ச் 24

பேக்கரியில் இரண்டு விளக்கும் எரிந்தன. வெளி மென்பொருள் வரைந்ததுதான் அதிகப் பளிச். மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுப்பு நன்றாகச் சூடேறியதும் அந்தப் பளிச் விளக்கு அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. "இது யாரப் பாத்து கண்ணடிக்குது?" என்றார் ரொட்டி சுடுகிற அம்மா. என்னுடையது மாலை வரை ஒரே சீராக எரிந்தது.

திரும்பும் வழியில் மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: "மாமியார் இருக்கட்டும்மா."

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்!

ஏப்ரல் 5

இன்று முதல் எல்லோர் கணினியிலும் என் மென்பொருள்தான். சூட்டுக்கு 25 என்று தட்டினால் இப்போது நான்காவதாக ஒரு கேள்வி வரும்: "நீ போய்ப் பாத்தியா?" விற்பனைப் பிரிவுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தார்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தை தன் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது: "என் மருமக பண்ண சாஃப்ட்வேர்டி. ஆஃபீஸே அதுக்குப் பதில் சொல்லிட்டுதான் வேலை பாக்குது. அதுல ஒரு கேள்வி என்னோடது."

கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.