விரலிடுக்கில் நீ பார்த்த புள்ளி

வேணி,

நீ பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன பிறகு விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே போன் செய்தார். உன் போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். என் கால் விரலிடுக்கில் நீ கண்டுபிடித்த கறுப்புப் புள்ளி, துணுக்கு எடுத்துச் சோதித்ததில் பழைய தோல் புற்றுநோய்தானாம். இது மூன்றாவது தடவை. ஆனால் மேல்தோலோடு நிற்கிறதாம், வெட்டி எடுத்தால் போதுமாம்.

"இவ்ளோ சின்னதை யாருங்க பாத்தது?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரம்மா பாத்தாங்க" என்றேன்.

இன்றைக்கே வரச் சொன்னதால் தம்பி தென்னரசுவோடு பஸ் ஏறுகிறேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு பவானியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மீன்குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா.

போன மாதம் நீ டார்ச்சோடு வந்து உட்கார்ந்தபோது, "மாசாமாசம் இன்னா சோதனை, பேஜாரு பண்ணிக்கினு" என்று கத்தினேன். நீ என் காலை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாய். நீ கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் இன்று எனக்கு என்ன செய்தி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீ போகவில்லை.

சவுரி

பி.கு: அன்று முதுகைக் காட்டாமலே எழுந்துவிட்டேன். வீடு திரும்பியதும் நானே சட்டையைக் கழற்றி உட்காருகிறேன். நிதானமாகப் பார்.