ரிட்சுவின் கிட்டாருக்கு எவர்சில்வர் ஃப்ரெட்

மே 12, திங்கள்

எங்கள் முதலாளி காமிஜோ வாடிக்கையாளர்களிடம் பொய் சொல்கிறார்.

இன்று ரிட்சு அக்கா ஒசாகாவிலிருந்து எங்கள் மாட்சுமோட்டோ பட்டறைக்கு வந்தார். நடன அரங்கில் வாரத்துக்கு ஆறு நாள் வாசிப்பவர். கிட்டார் கழுத்தின் குறுக்கே பதிக்கிற ஃப்ரெட் கம்பிகள் அவர் விரலுக்குக் கீழே ஒரே வருடத்தில் பள்ளமாகிவிடும். மாற்றித்தரப் பத்து நாள் ஆகும். போன முறை அந்தப் பத்து நாளில் வேறொருத்தனை மேடையேற்றிவிட்டார்கள்.

"எனக்கு இப்பச் செய்யுற புதுக் கிட்டாருக்கு எவர்சில்வர் போடுங்க. தேயவே தேயாதாமே? இன்னொரு தடவை என் இடத்தை விட முடியாது."

முதலாளி குனிந்து வணங்கியபடியே சொன்னார்: "சத்தம் நல்லா இருக்காதும்மா. கரண்டியால தட்டின மாதிரி இருக்கும். எப்பவும் போடுற நிக்கல்தான் இதம்."

சத்தமா காரணம்? எவர்சில்வரை வெட்டினால் குறடு பல்லிளிக்கும். ராவுவதற்கு இரண்டு மடங்கு நேரம். அதை நேராகச் சொன்னால் என்ன? பிழைப்பு போவது அவருக்கா?

மே 13

மூன்று மணித் தேநீரில் கேட்டுவிட்டேன். "எது நிக்கல், எது எவர்சில்வர்னு திரும்பி உக்காந்து காதால மட்டும் கண்டுபிடிப்பீங்களா, முதலாளி?"

பக்கத்து மேசை யானகிசாவா அண்ணனுக்கு பிஸ்கட் புரையேறியது.

"முப்பது வருசக் காதுடா இது!"

பந்தயம். அவர் தோற்றால் ரிட்சுவுக்கு எவர்சில்வர். நான் தோற்றால் ஒரு மாதம் கழிப்பறை கழுவ வேண்டும். இப்போது மட்டும் யார் கழுவுகிறார்களாம்?

மே 16

பழைய கழுத்து ஒன்றில் நேற்று எவர்சில்வர் பதித்தேன். நிக்கலை வளைக்கிற அளவுக்கே வளைத்தேன் — மடையன். இது விறைப்பு, விட்டால் நிமிரும், கூடுதலாக வளைக்க வேண்டும். காலையில் பார்த்தால் இருபத்திரண்டு கம்பியும் இரண்டு நுனியையும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

"என்னடா குஸே, கிட்டாரா முள்ளம்பன்றியா?" என்றார் அண்ணன்.

பிடுங்கி, முதலிலிருந்து.

மே 17

விரலில் மூன்று பிளாஸ்திரி. இருபத்திரண்டும் படிந்து உட்கார்ந்துவிட்டன!

மே 20

முதலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அண்ணன் நிக்கல் கழுத்தையும் என் எவர்சில்வர் கழுத்தையும் ஒரே கிட்டாரில் மாற்றி மாற்றிப் பூட்டி வாசித்தார்.

"ஆங்... இது நிக்கல். என்ன இதம் பாரு!"

எவர்சில்வர்.

பத்தில் ஆறு தப்பு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குக் காது கேக்கலன்னு எம்பொண்டாட்டி சொல்றது நெசந்தான் போல." உடனே ரிட்சுவுக்குத் தொலைபேசினார். "எவர்சில்வரே போட்டுடலாம்மா. நல்லா யோசிச்சுப் பார்த்தேன்."

யோசித்தாராம்!

ஜூன் 30

ரிட்சு அக்கா புதுக் கிட்டாரை வாங்கிப் போனார். போகுமுன் தந்தியை இழுத்து இழுத்து வாசித்ததில் மூன்று ரயிலைத் தவறவிட்டார்.

செப்டம்பர் 8

ஒசாகா முழுக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. வேலைப் பலகையில் ஏழு எவர்சில்வர் கிட்டார். ஏழிலும் என் பெயர்.

"தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தானடா."

"ரெண்டு கை பத்தாது, முதலாளி. இந்த மேசைக்கு இன்னொரு ஆள் வேணும். எப்பப் போடுவீங்க?"

அவர் என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். நிரம்பி வழிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.