கவிழ்த்து வைத்த தம்ளர்

அன்பு அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சுக்கோ. நீ இருந்தபோதும் நான் இப்படித்தான். ஊர் அடங்கினதுக்கு அப்புறம் போன் பண்ணி உன் தூக்கத்தைக் கெடுப்பேன். "சொல்லுடி, யாழினிக்கு ஜுரமா?" என்றுதான் எடுப்பாய். ஜுரம் இல்லை அக்கா. என் மகள் தூங்குகிறாள். அவருக்கு செம்மங்குப்பத்தில் நைட் ஷிப்ட். கடலூரில் இந்த வீட்டில் நான் மட்டும் முழித்திருக்கிறேன்.

நாளன்னைக்குக் காலையில் சிதம்பரத்தில் உன் பிள்ளைக்குக் கல்யாணம்.

பத்திரிகையில் 'செல்வி கயல்விழி' என்று போட்டிருக்கிறது. உன் பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு'. உன் ஆசியோடுதான் எல்லாம் நடக்கிறதாம். நீயும் நானும் அவனைக் கயல்விழி என்று கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. நமக்கு அவன் கார்த்தி.

என்ன அவசரம் என்று மாமாவிடம் கேட்டேன். "அம்மா செத்த வருஷத்துக்குள்ள பொண்ண கட்டிக் குடுத்துடணும் ரேவதி. இல்லன்னா மூணு வருஷம் தள்ளிப் போவும். எனக்கு ரெண்டு தடவ நெஞ்சு வலி வந்துடுச்சு. மூணு வருஷம் நான் இருப்பனான்னு யாரு கண்டா?" என்றார். அது பொண்ணு இல்ல மாமா என்றேன். "அந்தப் பேச்செல்லாம் உங்க அக்காவோட போவட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

உன் சாவையே காரணமாக்கிவிட்டார்கள், பார்த்தாயா? நீ போனது பத்தாதென்று, நீ போனதை வைத்தே உன் பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆனாலும் மாமாவை வெறுக்க முடியவில்லை அக்கா. சோறும் குழம்பும் ஒன்றோடொன்று பட்டால் அவன் தொடமாட்டான் என்று, நீ வைத்த மாதிரியே தனித்தனிக் கிண்ணத்தில் இன்றைக்கும் அவர்தான் போட்டு வைக்கிறார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டிசம் என்று தெரிந்ததும் சின்ன வயசில் அவனைக் கொண்டுபோய் விட்ட சென்டரில் முதல் முதலாகக் கற்றுக்கொடுத்த வார்த்தை 'சரி'. உட்காரு, சரி. கை குடு, சரி. அத்தைக்கு முத்தம் குடு, சரி. ஒவ்வொரு சரிக்கும் ஒரு சாக்லேட். பிள்ளை பேசுகிறது, சொன்னால் கேட்கிறது என்று நமக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம்! நீதான் முதலில் கவனித்தாய். வாய் சரி சொல்லிக்கொண்டே இருக்கும்போது கை பக்கத்திலிருக்கிற தம்ளரைக் கவிழ்த்து வைக்கும். உள்ளே பால் இருந்தாலும் கவிழ்க்கும்.

நீ அதை வீட்டுக்குச் சட்டமாக்கினாய். தம்ளர் கவிழ்ந்தால் கையை எடுத்துவிட வேண்டும். தலை வாரினாலும் சரி, கட்டிப் பிடித்தாலும் சரி, பெற்ற அப்பாவே ஆனாலும் சரி. மாமாவின் அக்கா வசந்தா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டி, எவர்சில்வர் தம்ளர கேட்டுத்தான் குடும்பம் நடத்துறியா?" நீ பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அது பொய் சொல்லாது அண்ணி" என்றாய்.

பதினேழு வயசில், யார் கல்யாணத்துக்கோ கட்டிலில் எடுத்து வைத்த தாவணிமேல் தம்ளரைக் கவிழ்த்தான். நீ வேறு நிறம் எடுத்து வைத்தாய். அதன்மேலும் கவிழ்த்தான். அப்புறம்தான் யாரும் கேட்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், "கார்த்தி" என்றான். நீ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். மறுநாள் கீழ வீதிக்குக் கூட்டிப்போய் காலர் வைத்த சட்டை ரெண்டு வாங்கிக் கொடுத்தாய்.

அவனுக்கு இதெல்லாம் புரிஞ்சுதான் சொல்றானாக்கா என்று உன்னைக் கேட்டேன். "அவன் நாளைக்கு என்னவா இருப்பான்னு எனக்குத் தெரியாதுடி. எது வேணாங்கறான்னு தெரியுது. இப்போதைக்கு அத விட வேற என்ன தெரியணும்?" என்றாய். இருபத்தொரு வயசுப் பிள்ளையிடம் அந்த ஒன்றைக் கேட்கத்தான் இன்றைக்கு ஆள் இல்லை.

மாசியில் பெண் பார்க்க வந்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கள், ஹார்டுவேர் கடை. பையன் பேர் பாபு. கார்த்திக்குப் பட்டுப்புடவை சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தான். பாபுவின் அம்மா, "எங்க பையன புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

"சரி" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தா, "கேட்டதுக்கு மேலயே சொல்லிடுச்சு பாருங்க!" என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் தன் காபியைக் கவிழ்த்தான். தட்டெல்லாம் ஓடி, பஜ்ஜி நனைந்து, புடவையில் வடிந்தது.

"கை தவறிடுச்சு, விடுங்க. பால் பொங்குனாப்ல நல்ல சகுனந்தான்" என்றார் அந்த அம்மா. நான் எழுந்து நின்றே சொன்னேன் அக்கா, கை தவறல, வேணாங்குது என்று. "வாய் சரின்னுதே ரேவதி" என்றார் மாமா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த பாபுவைப் பற்றியும் சொல்லணும். வந்ததிலிருந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து வந்து தன் கைக்குட்டையால் காபியைத் துடைத்தான். தம்ளரை எடுத்து அடியில் துடைத்துவிட்டு, மறுபடி கவிழ்த்தே வைத்தான். வேறு யாராயிருந்தாலும் நிமிர்த்தித்தான் வைத்திருப்பார்கள்.

மறுநாள் அவனுக்கு போன் பண்ணினேன். உங்களுக்கு இதுல இஷ்டமா தம்பி என்று கேட்டேன். "அம்மா சொன்னா சரி" என்றான். போனை அம்மாவே வாங்கினார். "எல்லாந் தெரியும்மா. என் புள்ளயும் அந்த மாதிரிதான். எனக்கப்புறம் அவன யாரு பாப்பா? ஒண்ணுக்கொண்ணு தொணையா இருந்துட்டுப் போவட்டுமே" என்றவர் அழுதுவிட்டார். அந்த அம்மாவை என்னவென்று திட்டுவது? நீயும் இதே கேள்வியைத்தானே கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாய்?

கல்யாணம்னா என்னன்னு அவனுக்கு யாராவது சொன்னீங்களா என்று வசந்தாவிடம் கேட்டேன். ஒரே அறையில் படுப்பது, ஒருத்தர் தொடுவது, தொட வேண்டாம் என்று சொல்லலாம் என்பது, இதெல்லாம். அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா அனுப்புனாங்க?"

எம்.எஸ்சி. படித்தென்ன? நமக்கும்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே அக்கா. இஷ்டமா என்று உன்னைக் கேட்டார்களா? என்னைக் கேட்டபோது நானும் தலையைத்தானே ஆட்டினேன்?

கல்யாணத்தை நிறுத்த முடியுமா என்று ஒரு அரசாங்க ஆபீசில் போய்க் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். "மேஜர்தானேம்மா? வாயால ஒரு தடவ வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். தம்ளரைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

அதனால் நானே சிதம்பரம் போய் அவனோடு சமையலறையில் உட்கார்ந்தேன். சொல்லு கார்த்தி, வேண்டாம். முதலில் 'சரி' என்றான். மறுபடி, மறுபடி. மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டான். "வேண்டாம்." தெளிவாக, அழகாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் மாமாவைக் கூட்டி வந்தேன். கல்யாணம் வேணுமா கார்த்தி? "வேண்டாம்" என்றான்.

மாமா அவன் எதிரில் குந்தினார். "கயலு, வேணும்னு சொல்லு."

"வேணும்."

"வேணாம்னு சொல்லு."

"வேணாம்."

மாமா கோபப்படவில்லை அக்கா. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். "நீ சொன்னா அதயும் சொல்லுது, நான் சொன்னா இதயும் சொல்லுது. எத எடுத்துக்கறது ரேவதி, நீயே சொல்லு" என்றார். கார்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினான். சாக்லேட்டுக்கு.

அந்தச் சென்டர்காரர்கள் செய்ததைத்தான் நானும் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்திருக்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதி, நாலு பேர் படிக்கக் கொடுக்கலாமா என்றும் அன்றைக்கே அவனைக் கேட்டேன். சரி என்றான். அதை நம்பி எப்படிக் கொடுப்பது? அதனால்தான் பேர்களையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறேன். உனக்கு யார் யார் என்று தெரியும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்த அன்றைக்கு அலமாரியில் இருந்த தம்ளரையெல்லாம் எடுத்துத் தரை முழுக்கக் கவிழ்த்தானாம். அளவு எடுத்து முடிக்கும்வரை யாரும் நிறுத்தவில்லை. போன வாரம் போனபோது பார்த்தேன். சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்தில் தம்ளர் நிமிர்ந்து நிற்கிறது. வசந்தா அவனை இழுத்து வைத்துப் பின்னல் போடுகிறாள், சவுரி வைத்து இறுக்கி. அவன் கை மடியிலேயே கிடந்தது. "பாத்தியா, எப்புடி அடங்கிடுச்சு!" என்றாள்.

யாழினிக்கும் பேச்சு வர ஆரம்பித்துவிட்டது. கார்த்தி மாதிரியே அவளையும் கூட்டிப்போகிற சென்டரிலும் 'சரி'யில்தான் ஆரம்பித்தார்கள். அந்த வார்த்தையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டார்கள். என் வீட்டில் தம்ளர் கவிழ்ந்தால் யாராயிருந்தாலும் கையை எடுத்தாக வேண்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு. கார்த்தி எந்த வீட்டில் இருந்தாலும் வாரா வாரம் போய்ப் பார்ப்பேன், அவனைக் கார்த்தி என்றே கூப்பிடுவேன். இதுவும் வாக்கு. இதற்குமேல் வாக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை.

அவன் தம்ளரை எடுத்து வந்து என் பையில் வைத்திருக்கிறேன், சின்ன வயசிலிருந்து கவிழ்த்துக் கவிழ்த்து விளிம்பு நசுங்கிய அதே தம்ளர். நாளன்னைக்கு மேடையில் அவன் பக்கத்தில் போய்க் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவன் கவிழ்த்தால் நான் கத்துவேன். கத்தினாலும் மேளம் நிற்காது என்று தெரியும். அத்தனை பேர் முன்னால் கவிழ்த்தும் ஒருத்தரும் நிறுத்தவில்லை என்றால், அதற்கப்புறம் வாழ்நாளில் அவன் எதையாவது கவிழ்ப்பானா? கொடுக்காமல் விட்டால், கடைசியாக ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று நான் செத்துச் செத்துப் பிழைப்பேன்.

கொடுக்கட்டுமா, வேண்டாமா அக்கா? முகூர்த்தம் ஆறு மணிக்கு. சீக்கிரம் பதில் சொல்லு.

உன் பிள்ளைக்குச் சித்தியாக மட்டும் மிஞ்சியிருக்கும்
உன் தங்கச்சி
ரேவதி