இடுப்பளவுத் தண்ணீர்

பசியாவரம்
9-2-1986

அன்புள்ள மகன் இளங்கோவனுக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நான் சுகமாக மட்டுமல்ல, உயிரோடும் இருக்கிறேன் என்பதை இந்த முறை கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், காரணம் கீழே வரும். நாக்பூர்க் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்க எல்லையம்மன் துணை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படகில் ஏறும்போது மட்டும் முனகுகிறாள், இறங்கும்போது பழவேற்காட்டுக் கடைத்தெருவைப் பார்த்ததும் வலி போய்விடுகிறது.

உன் கார்டு வந்தது. நலம், வேலை அதிகம், ஊரில் புதிதாக என்ன படம், என்ன பாட்டு, என்ன கதை என்று எழுதவும், என்று மூன்றே வரி. நீ ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது, பெற்ற அப்பனிடம் கேட்க வேறு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. போகட்டும், கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை, வரிசையாகச் சொல்கிறேன் கேள்.

டென்ட் கொட்டாயில் பொங்கலுக்கு ஒரு மீனவர் படம் போட்டார்கள். நம்மைப் பற்றித்தானே என்று ஊரே படகு கட்டிக்கொண்டு போனோம். கதாநாயகன் படகிலிருந்து குதிக்கிறார், ஒரு பாட்டு முழுக்க நீந்துகிறார், கரையேறி வரும்போது தலை வாரினபடியே இருக்கிறது. என்னோடு ஒரே வலையில் தொழில் பார்க்கிற சடையன், அந்த எண்ணெய் எந்தக் கடையில் விற்கிறது என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான். படம் அங்கே வந்தால் இடைவேளை வரை பார், அதற்கு மேல் முறுக்குதான் நன்றாக இருந்தது. பாட்டு என்றால் டீக்கடை அப்துல் ஷுக்கூர் பாய் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிறார், அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. இருப்பது ஒரே கேசட், காலையிலிருந்து அதுவே ஓடி ஓடி நாடா தேய்ந்து, இரண்டாம் பக்கத்தில் அந்த அம்மா பாடுவது ஆம்பளை பாடுவது மாதிரி இழுக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அப்படிக் கேட்டால்தான் எனக்குப் பிடிக்கிறது. நீ வாங்கினால் நன்றாகத் தேய்ந்ததாகப் பார்த்து வாங்கு.

பஞ்சாயத்து ஆபீசில் டிவி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பாட்டுக்குப் போனவர்கள் அப்புறம் வருகிற இந்தி நாடகத்துக்கும் உட்கார்ந்துவிடுகிறார்கள், ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஒருத்தரும் எழுந்திருப்பதும் இல்லை. அதில் வருகிற மாமியார் நல்லவள் என்று உன் அம்மா சொல்கிறாள். கரையோரத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற நம் அம்மணி தெரியுமல்லவா, அவள் கெட்டவள் என்கிறாள். இரண்டு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நீ இந்திக்கார ஊரில் இருப்பவன், யார் சொல்வது சரி என்று விசாரித்து எழுது, எது சரியானாலும் அம்மா பக்கமே எழுது, வீட்டில் இருந்து சாப்பிடுகிறவன் நான்.

இனி கதை. பொங்கல் சமயத்தில் வந்த ஒரு வாரப் பத்திரிகை பாய் கடைக்கு வந்தது, அதில் நம் ஏரியைப் பற்றி ஒரு கதை. எழுதியவர் யாரோ வசந்தநாகனாம். எனக்கு அவரைத் தெரியாது. உன் அம்மா பெயர் வசந்தா, என் பெயர் நாகப்பன், உலகத்தில் எத்தனையோ ஒற்றுமை இருக்கும். பெயரைப் பார்த்தால் அப்பா அம்மா மேல் பிரியமுள்ள பிள்ளை மாதிரிதான் தெரிகிறது, கதையைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. கதை இதுதான். ஏரியில் மீன் பிடிக்கிற ஒரு முரட்டு அப்பா, கதை எழுதுகிற ஒரு மகன். மகன் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான், அப்பா அவன் எழுதி வைத்த நோட்டைப் பிடுங்கிப் படகிலிருந்து ஏரியில் வீசுகிறார், நோட்டு அதலபாதாளத்தில் மூழ்குகிறது. மகன் வேலைக்குப் போகிறான், திரும்பி வருவதே இல்லை. பிறகு ஒரு புயலில் அப்பா படகு கவிழ்ந்து ஏரியில் மூழ்கிச் சாகிறார். தந்தி போகிறது. மகன் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தே வந்து அழுகிறான், அவர் வா என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று.

பாய் கடையில் நான்தான் உரக்கப் படித்தேன். முடிந்ததும் சடையன் டீயை வைத்துவிட்டு, யோவ் நாகப்பா, அந்தாளு எயுந்து நின்னிருந்தாலே பொயச்சிருப்பானே, இதுக்கு இன்னாத்துக்கு தந்தினு கேட்டான். கடையே சிரித்தது. நியாயமான கேள்விதான். நம் ஏரியில் இடுப்புக்கு மேல் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஆளைக் கொல்லத்தான் வேண்டுமென்றால் முகத்துவாரத்துக்காவது தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அனுப்பம்பட்டில் இறங்கி எவன் ஏரிக்கு நடந்து வருவான், பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறதே. பாவம், பல வருஷமாக ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் போலிருக்கிறது, வழி மறந்திருக்கும். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், பத்திரிகையை மட்டும் பாயிடம் கேட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அது என் புத்திகெட்ட வேலை. அப்பா சாகிற இடம் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். கதையில் வருகிற அம்மாவின் பொட்டை அழிக்கிற இடம் வந்ததும் எழுந்துவிட்டாள். எம் பொட்ட அயிக்க அவன் யாருய்யா, நா இன்னா பாவம் பண்ணேன், வரட்டும் அவன், வரட்டும்னு ஒரே சத்தம். வசந்தநாகன் யாரென்று நான் அவளிடம் சொல்லவே இல்லை, பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை போல. அன்று என் தட்டில் நண்டு இரண்டு கூடுதலாக விழுந்தது. செத்தவன் என்று பேர் வாங்கினால் ஆயுசு கெட்டி என்பார்கள், சாப்பாடும் கெட்டி என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக அந்த எழுத்தாளருக்கு என் நன்றி.

சரி, வசந்தநாகனை விடு. இனி உனக்கும் எனக்கும்தான். அந்த நோட்டை நான் வீசினேன், இல்லை என்று சொல்லவில்லை. ரயில்வே வேலைக்கான உத்தரவு கையில் வந்த பிறகும் நீ மாட்டேன் என்று நின்றாய், எழுத்து சோறு போடாது என்று கத்தினேன், கை நீண்டுவிட்டது. நான் சொன்னபடி வேலைக்குப் போனாய், சொல்லாமலே வராமலும் இருந்துவிட்டாய். தப்பு என்னுடையதுதான், அதை மூன்று வருஷமாக எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, உன் சௌகரியப்படி வரவும் என்றே எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் தப்புதான். ஆனால் நீ எழுதினது ஒன்று பொய். நோட்டு மூழ்கவில்லை. எங்கேயப்பா மூழ்கும்? உன்னைப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன், அதே இடத்தில் பாசியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, இறங்கி நடந்துபோய் எடுத்து வந்தேன். வலை மடிப்புக்குள் வைத்து உலர்த்தி, ரேஷன் கார்டுக்குக் கீழே பெட்டியில் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் தெரியாது. அவள் எங்காவது போயிருக்கும்போது எடுத்துப் படிப்பேன், எத்தனை தடவை என்று கேட்காதே.

நீ கேட்டாயே நல்ல கதை எது என்று, அதுதான். எந்தக் கடையிலும் கிடைக்காது. பத்திரிகையில் வந்ததைவிட அது எவ்வளவோ மேல், அதில் ஒருத்தரும் தேவையில்லாமல் சாகவில்லை. ஒரே குறை, பால்பாயிண்டில் எழுதினது அப்படியே நிற்கிறது, பேனா மையில் எழுதினது கரைந்துவிட்டது. அம்மணி இறால் தடவப் போகிற கதை பாதியில் பால்பாயிண்ட் தீர்ந்து மைப்பேனாவுக்கு மாறிவிட்டாய். அம்மணி தண்ணீரில் கையை விட்டாள், கையில் சிக்கியது, என்பது வரை இருக்கிறது. அதற்கப்புறம் ஒரே நீலம். மூன்று வருஷமாக எனக்கு அதே யோசனை. நண்டா, இறாலா, வேறு ஏதாவதா? அம்மணியையே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உனக்கும் உன் எழுத்துக்கும் எல்லையம்மன் குறை வைக்க மாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வரும்போது அம்மாவுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வா, பெரிய பொட்டாக, அவளைச் சமாதானப்படுத்த வேறு வழி இல்லை. ஞாபகம் இருக்கட்டும், இறங்க வேண்டியது பொன்னேரியில், அனுப்பம்பட்டில் இல்லை. நீ கேட்ட அந்த ஒரு வார்த்தை இதோ. வா. அம்மணி கையில் என்ன சிக்கியது என்று எழுதி அனுப்பாதே, வந்து சொல்.

இப்படிக்கு,
இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் உன் நைனா,
நாகப்பன்