கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

இந்த ஊரில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். இரண்டு வயதுப் பையன் ஒருவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மாதாமாதம் பெற்றோருக்கு அனுப்பும் வளர்ச்சிக் குறிப்பில் அதை எழுதினேன்.

"பெத்தவங்க மனசு நோகும், அந்த வரிய எடுத்துடு" என்றார் மேலாளர்.

"பொய்க்கு என் கையெழுத்து கெடைக்காது மேடம்" என்று சொல்லிவிட்டு, அவன் அம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். முதலில் சீறினாள். பிறகு மருத்துவரிடம் காட்டினாளாம். காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, சரியாகிவிடும். மேலாளர் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும், அடுத்த குறிப்பையும் இப்படித்தான் எழுதுவேன்.

பாப்பாவைப் பற்றி "நல்லா இருக்கா" என்று மட்டும் எழுதாதீர்கள். எதற்கு அழுகிறாள், என்னைக் கேட்கிறாளா, கேட்பதை நிறுத்திவிட்டாளா, எல்லாம் எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

பிள்ளைகள் தூங்கி எழும் நேரம், ஓடுகிறேன்.

உங்களவள்