மறுநாள் வரும் பூ

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள நைனாவுக்கு, தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

என் வகுப்பில் படிக்கும் மோகன்ராஜும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். போன வாரம் கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்தில், "யாராண்ட பேசிக்கினு இருந்தே? உன் போனக் குடு" என்று என் கையை முறுக்கினான். கொடுக்கவில்லை. அறைந்துவிட்டான். பயப்படாதீர்கள், காது வலி போய்விட்டது.

மறுநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு விடுதி வாசலில் வந்து அழுதான். "கோவத்துல கை நீண்டுடுச்சி, இன்னா பண்றது?" என்றான். அறைத்தோழி ஹெலன், "பாவம்டி, உம்மேல உசுரா இருக்கான்" என்று உருகினாள். எனக்கு மனசு இளகவில்லை. அம்மாவை அடித்த மறுநாள் நீங்கள் மல்லிப்பூவோடு வந்து நிற்பீர்களே, அப்படியே நின்றான். அந்தப் பூ வாடிய பிறகு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, "இத்தோட முடிஞ்சிது, கெளம்பு" என்றேன். கல்லூரியிலும் புகார் கொடுத்துவிட்டேன். இப்போது என் பக்கமே வருவதில்லை.

இதற்காக நீங்கள் என் படிப்பை நிறுத்தக் கூடாது. தப்பு செய்தவள் நான் இல்லை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும், துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹெலன் தபால் போடக் கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன். பொங்கலுக்கு வருகிறேன். அன்றைக்கு அம்மாவுக்குப் பூ வாங்கி வையுங்கள், நைனா. முந்தின நாள் மட்டும் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

உங்கள் மகள்,
தேன்மொழி