ஒன்பதாவது வளைவிலிருந்து

அம்மா, இதை அங்கே யாரிடமும் வாசிக்கக் கொடுத்துவிடாதே. உனக்குப் படிக்க வராது என்பதால் ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டால் போதும். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ, பயமாக இருக்கிறது.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும்போது சேலைக்கு மேலே போட்டுக்கொள்வாயே, அந்தச் சட்டையைப் போர்த்தியிருக்கிறேன். எத்தனை முறை துவைத்தும் கைமடிப்பில் வாசம் போகவில்லை. முகர்ந்தால் வீடே மெல்ல அசைகிறது, ஜீப் மலையேறுவதைப் போல.

சாயங்காலம் தம்பியின் கணக்கு நோட்டை அப்பா பார்த்தார். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் எவ்வளவு? முப்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்கு இரண்டு, நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டுக்குப் பன்னிரண்டு, ஆக பதினான்கு என்று எழுதியிருந்தான். டீச்சர் காட்டிய வழிகளில் அவனுக்குப் பிடித்தது அதுதான்.

“கழிக்கச் சொன்னா கூட்டி வச்சிருக்கான். கடன் வாங்குன அடையாளமே இல்ல. எவனையோ பாத்து விடைய எழுதியிருக்கான்,” என்றார் அப்பா. “திருட்டுப் பயல நாளைக்கே தேனி ஹாஸ்டல்ல சேத்துவிடுறேன்.”

தம்பி அழவில்லை. விரல்களைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். நீ கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருப்பது அவன் ஒருவன்தான் அம்மா.

லீவு நாட்களில் தோட்டத்துக்கு என்னையும் ஜீப்பில் கூட்டிப்போவாய். அப்பா ஓட்டுவார். போடிமெட்டு ஏறும்போது கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிடும். உன் மடியில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகைகள் மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மிதந்து வரும்.

“ஏத்தா, ஒம் மக மொகத்த அங்கிட்டுத் திருப்பு. எஞ் சோத்து வாளியில கக்கிறப் போறா,” என்பாள் பக்கத்துச் சீட்டு அத்தை. ஜீப்பே சிரிக்கும்.

நீ அப்பாவிடம் கேட்பாய்: “ஏங்க, ஒம்போது வந்துருச்சு. பதினேழுக்கு இன்னும் எம்புட்டு?”

“பத்துக்கு ஒண்ணு, மேல ஏழு. எட்டு வளைவுதான். புள்ளையப் பொறுத்துக்கச் சொல்லு.”

வளைவுகளை எடுத்து அப்பா எங்கேயும் கழித்துப் போடவில்லை. நிற்கிற இடத்திலிருந்து போகவேண்டிய இடம்வரை ஏறிப் பார்த்தார், அவ்வளவுதான். தம்பி செய்ததும் அதுதானே?

அப்பாவிடம் நீ ‘தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கேள்விதான் கேட்பாய். இன்று சோறு போடும்போது நானும் கேட்டேன்.

“அப்பா, ஒம்போதாவது வளைவுல நின்னா பதினேழுக்கு எத்தனை?”

“பத்துக்கு ஒண்ணு, மேல ஏழு. எட்டு. எதுக்குக் கேக்குற?”

“நீங்களும் கூட்டித்தானப்பா கழிக்கிறீக?”

பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இன்னும் படுக்கவில்லை. செருப்புச் சத்தம் அங்குமிங்கும் நடக்கிறது. கோபமா, யோசனையா, தெரியவில்லை.

உன் தைரியம் எனக்கு வரவில்லை அம்மா. நீ கேட்கிற விதம் மட்டும் என் வாயில் தங்கியிருக்கிறது. காலையில் ஹாஸ்டல் பேச்சு வந்தால் அதை வைத்துக்கொண்டுதான்…

கதவு தட்டும் சத்தம். அப்பா.

“ஆத்தா, முழிச்சிருக்கியா? தம்பிய எழுப்பாத. அவன் எதுக்கு மொதல்ல நாப்பதுக்குப் போனான்? அத மட்டும் எனக்குச் சொல்லு.”